குடை வண்டியின் குணம்

என் அக்கா வீட்டுக்காரரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். வேலை பார்க்கிற இடங்களில் அவர் லிஃப்ட் சார். அவருக்குப் பிடித்த பெயர் மூன்றாவது: தலைவர். அறுநூறு பேர் அவரை அப்படிக் கூப்பிட்டார்கள். அந்த அறுநூறு பேரும் ஒரே கம்பெனியின் கார் வைத்திருந்தார்கள். அது ஒன்றுதான் அவர்களுக்குள் இருந்த உறவு.

கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது ஒருவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார். வண்டியின் மூக்கில் விரித்த குடை மாதிரி ஒரு சின்னம் இருக்கும். அதனால் அது குடை வண்டி, வைத்திருப்பவர்கள் குடைக்காரர்கள். எதிர்வீட்டு பேங்க் மேனேஜர் வேறு கம்பெனி வண்டி வைத்திருந்தார். அவருக்கு அது குடைச்சல் வண்டி. "பார்த்து சார், குடை என்னைக்காவது குடை சாஞ்சிடப் போகுது" என்று மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிரிப்பார். அன்று அத்தானுக்குச் சாப்பாடு இறங்காது.

எனக்குக் கார் கிடையாது, ஸ்கூட்டர்தான். அதனால் நான் சொல்வதையெல்லாம் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிடலாம். அத்தான் அப்படித்தான் தள்ளிவிட்டார்.

முதலில் அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அவருக்கு நான் துரோகம் செய்ததாகிவிடும். லிஃப்ட்டுகளைச் சோதித்து, ஓடலாம் அல்லது ஓடக்கூடாது என்று எழுதித்தருகிற வேலை. என் தையல் கடை எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றின் நாலாவது மாடியில் இருக்கிறது. அந்தக் கட்டிடத்து லிஃப்ட்டும் அவர் பொறுப்பு. ஒருநாள் வந்தார். ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தினார். கதவு திறந்ததும் குனிந்து, லிஃப்ட்டின் தரைக்கும் மாடியின் தரைக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார். ஒரு விரல் கட்டை அளவுக்கு லிஃப்ட் கீழே நின்றது.

"ஒரு விரல்தானே சார்? எல்லாருக்கும் பழகிடுச்சு. பார்த்துத்தான் கால் வைக்கிறாங்க" என்று கட்டிட மேனேஜர் கெஞ்சினார்.

"பழகின கால் மட்டும்தான் வருமா? பழகாத கால் ஒண்ணு வரும். அன்னைக்கு என்ன செய்வீங்க?"

சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். பதினோரு நாள். மூட்டுவலிக்காரப் பெண்கள் எல்லாம் மாடி ஏறமுடியாமல் என்னைத் திட்டினார்கள், நான் தெருவுக்கு இறங்கிப்போய் நின்று ரவிக்கைக்கு அளவெடுத்தேன். அக்காவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். "அவர்கிட்ட சொந்தம் பந்தம்லாம் நடக்காதுடா" என்று சிரித்தாள். பத்தாம் நாள் பழுதுபார்க்க வந்தவர் பிரேக்கின் பட்டையைக் கழற்றிக் காட்டினார். தேய்ந்து அப்பளம் கனத்துக்கு வந்திருந்தது. கோபம் எல்லாம் போய், இவர் என் அத்தான் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் இப்படிப்பட்ட மனிதரை யாருக்குப் பிடிக்கும்? அவர் வாசலில் வந்து நின்றாலே எல்லாருக்கும் முகம் சுருங்கும். இருபத்தாறு வருஷம் அந்தச் சுருங்கின முகங்களைப் பார்த்தவர் அவர். குடை வண்டி வாங்கியதும், அந்த வண்டிக்காரர்கள் போனில் நடத்தின குழுவில் சேர்ந்தார். மூன்றே வருஷத்தில் அவர்தான் அதை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் நாற்பது ஐம்பது வண்டிகள் வரிசையாக நிற்கும். இவர் இறங்கினால் கைகுலுக்க ஆள் ஓடிவரும். பித்தப்பை ஆபரேஷனுக்கு இவருக்கு ரத்தம் வேண்டியிருந்தபோது பதினோரு பேர் அரைமணி நேரத்தில் வந்து நின்றார்கள். சொந்தக்காரன் நான் ஊசிக்குப் பயந்து டீ வாங்கப் போய்விட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குழுவில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. கோளாறு. யாரும் அதை எழுதக்கூடாது, எழுதினால் அழிக்கப்படும். அழிப்பதற்கென்றே போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவரை அத்தான் உதவித் தலைவராக வைத்திருந்தார். கோளாறு என்பதற்குப் பதில் அவர்கள் எழுதுகிற சொல் குணம். மழை பெய்தால் ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கும்: அது குணம். இரண்டாவது கியரில் வண்டி முனகும்: குணம். வெயிலில் நிறுத்தினால் ஹாரன் கொஞ்சநேரம் ஊமையாகிவிடும்: அதுவும் குணம். "மனுஷனுக்கு மனுஷன் குணம் இல்லையா? அனுசரிச்சுப் போறதில்லையா?" என்பார் அத்தான். என் மருமகள், அவருடைய ஒரே மகள், இந்தச் சொல்லைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவள். சாம்பாரில் உப்பு கூடினால் அக்காவிடம், "கோளாறு இல்லம்மா, சாம்பாரோட குணம்" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

யாராவது குறை எழுதினால் அத்தான் மூன்று கேள்வி கேட்பார். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு? எங்க சர்வீஸ் விட்டீங்க? யார் ஓட்டினது? மூன்றாவது கேள்விக்கு எந்தப் பதில் எழுதினாலும் தோல்விதான். மனைவி ஓட்டினாள் என்றால் சிரிப்பார்கள். மகன் ஓட்டினான் என்றால் கண்டிக்கச் சொல்வார்கள். நான்தான் ஓட்டினேன் என்றால், ஓட்டத் தெரியவில்லை என்பார்கள்.

போன வருஷம் ஒரு கணக்கு டீச்சர் எழுதினார். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துப் பிடித்திருந்தால் பெடல் மெல்லக் கீழே போகிறது, காலை எடுத்து மறுபடி மிதித்தால்தான் பிடிக்கிறது என்று. அத்தான் மூன்று கேள்வியையும் கேட்டார். டீச்சர் அசரவில்லை. "பதினேழு தடவை இறங்கினேன். நாலு தடவை அப்படி ஆச்சு. தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்" என்றார். அதற்கு அத்தான், "டீச்சர், இது பரீட்சை பேப்பர் இல்லை, வண்டி. மார்க் போடாதீங்க, ஓட்டக் கத்துக்கோங்க" என்று எழுதினார். இருநூறு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். டீச்சர் "சரி" என்று ஒரு சொல் எழுதிவிட்டு விலகிக்கொண்டார். அத்தான் அதை என்னிடம் காட்டி ரசித்தார். டீச்சர் வீட்டுத் துணியெல்லாம் என் கடையில்தான் தைக்கிறது. நாலு தடவை என்றால் அது நாலு தடவையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். அத்தான் வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். சிக்னல் வந்தது. அவருடைய பின்விளக்கு சிவப்பாக எரிந்தது, அணைந்தது, உடனே மறுபடி எரிந்தது. அடுத்த சிக்னலிலும் அப்படியே. வீட்டு வாசலில் நிறுத்தும்போதும் அப்படியே.

"என்ன அத்தான், பிரேக்கை ரெண்டு தடவை மிதிக்கிறீங்க?"

"நானா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வண்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்தணும் மச்சான். மரியாதை" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது மேஜைக்கு அடியில் டப் டப் என்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். அவருடைய வலது கால் தரையை இரண்டு தடவை மிதித்தது. கொஞ்சநேரம் கழித்து மறுபடி இரண்டு தடவை. "ரெண்டு வாரமா இப்படித்தான்டா. தூக்கத்துல கூட மிதிக்கிறார்" என்றாள் அக்கா.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகலாமே என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவருக்கு முகம் கறுத்தது. "அங்க வரவேற்புல இருக்கிறது நம்ம குழு ஆளு. தலைவர் வண்டி பிரேக்குக்காக வந்திருக்குன்னு சாயங்காலத்துக்குள்ள அறுநூறு பேருக்குத் தெரிஞ்சிடும். டீச்சரை என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கில்ல?" வேறு மெக்கானிக்? "வெளியாள் கை வெச்சாலும் தெரிஞ்சிடும். விடு மச்சான். எனக்குப் பழகிடுச்சு."

பழகிடுச்சு. எந்த வாயால் இந்தச் சொல்லைச் சொல்கிறீர்கள் என்று சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். அக்கா தோசை கொண்டுவந்து வைத்தாள், சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்படியே எட்டு மாதம் ஓடியது. மருமகளுக்கு மலை மேலே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஏறும்போது பஸ் உண்டு, இறங்குகிற நேரத்துக்குச் சரியான பஸ் இல்லை. அத்தான் தன் வண்டியையே அவளுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தார். அவர் வைத்திருந்ததிலேயே மேலான பொருள் அதுதான். அதைத்தான் கொடுத்தார். அந்த அன்பில் கலப்படம் கிடையாது.

முதல் நாள் காலை எட்டு மணிக்கு நானும் போயிருந்தேன். மருமகளின் வெள்ளைக் கோட்டை நான்தான் தைத்திருந்தேன். வண்டி கழுவி, துடைத்து, வாசலில் நின்றது. அத்தான் அவளை உள்ளே உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார். டயரில் காற்று எவ்வளவு இருக்கவேண்டும் என்றார். மழை வந்தால் ஜன்னலை ஒரு கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவள் "தெரியும் தலைவரே, தெரியும் தலைவரே" என்று கேலி செய்துகொண்டிருந்தாள். சொல்லிவிடுவார், இதோ இப்போது சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் குனிந்தார். "இன்னொண்ணும்மா. பிரேக்கு..."

"என்ன சார், பொண்ணுக்கு இந்த வண்டியையா குடுக்கிறீங்க?" எதிர்வீட்டு மதில் மேல் முழங்கை வந்துவிட்டது. "மலைப்பாதை வேற. இதுல பிரேக்கே சரியில்லைன்னு பேசிக்கிறாங்களே!"

அத்தான் நிமிர்ந்தார். இத்தனை வருஷமாக அவர் நிமிர்ந்து பழகின நிமிர்வு அது. "யாரு பேசிக்கிறாங்க? ஓட்டத் தெரியாதவன் பேசுவான். எங்க வண்டில ஒரு குறையும் இல்லை. என் பொண்ணு கண்ணை மூடிட்டு ஓட்டுவா!"

மருமகள் ஹாரனை அடித்து, "கேட்டீங்களா அங்கிள்?" என்று சிரித்தாள். அதற்குமேல் அவர் எப்படிச் சொல்வார்? வார்த்தை வெளியே போய்விட்டது, எதிர்வீட்டுக்காரர் மதிலிலேயே நின்றுகொண்டிருந்தார். வண்டி கிளம்பியது. தெருமுனையில் அதன் சிவப்பு விளக்கு ஒரே ஒரு தடவை எரிந்தது. அத்தான் அதைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். ஆளுக்கு ஒரு பக்கம் வேலைக்குப் போனோம். பேங்க் மேனேஜர் மேல் பழியைப் போட எனக்கும் ஆசைதான். ஆனால் என் வாயை யார் கட்டிவைத்தார்கள்?

அத்தானுக்கு அன்று வேலை ஓடவில்லையாம். மத்தியானம் இரண்டு மணிக்கு மகளைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். பரிசோதனைக் கூடத்தில் போனைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், அவள் எடுக்கவில்லை. அப்போது ஒரு செய்தி எழுதினார். அதை அவர் போனில் நானே பார்த்தேன். முதலில் என்ன எழுதி அழித்தாரோ தெரியாது. அனுப்பியது இதுதான்: "இறக்கத்துல வண்டிக்கு ஒரு குணம் உண்டு. பார்த்துக்கோம்மா."

மகளுக்கு எழுதும்போது கூட அந்த இன்னொரு சொல் அவருக்கு வரவில்லை. அழிப்பதற்கு அங்கே யாரும் இல்லை, ஆனாலும் வரவில்லை. சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு போனைப் பையில் போட்டுக்கொண்டிருப்பார். நாலு மணிக்கு அவளிடமிருந்து பதில் வந்திருக்கிறது: "தெரியும் தலைவரே!" பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். ஜன்னல் இறங்குவதும் ஹாரன் ஊமையாவதும் குணம் என்று கேட்டு வளர்ந்த பெண், வேறு எப்படிப் புரிந்துகொள்வாள்?

நாலேகாலுக்கு, மூன்றாவது வளைவில், பெடல் அவள் காலோடு சேர்ந்து தரைக்குப் போய்விட்டது. எதிரே பஸ் நிறுத்தம், ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவள் ஸ்டியரிங்கை மலைப்பக்கச் சுவரை நோக்கி ஒடித்தாள். வண்டி சுவரில் மோதி, குடை சாய்ந்து கிடந்தது. இந்த வார்த்தையை எழுத எனக்குக் கை கூசுகிறது. அவள் காலையில் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கே, அவளைச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை. உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். வலது கணுக்கால் நொறுங்கியிருக்கிறது, ரத்தம் நிறையப் போயிருக்கிறது, ஆபரேஷன் செய்தபிறகுதான் பாதத்தைப் பற்றிச் சொல்லமுடியும் என்றார். உள்ளே கூட்டிப்போவதற்கு முன் எங்களை ஒரு நிமிஷம் பார்க்கவிட்டார்கள். நான் தைத்த கோட்டை வெட்டி எடுத்திருந்தார்கள்.

"சாரிப்பா" என்றாள் மருமகள். "வண்டி மேல தப்பில்லை. நான்தான் சரியா மிதிக்கலை போல. நீங்க குணம்னு சொன்னீங்க, எனக்குத்தான் புரியலை. வண்டி ரொம்ப போயிடுச்சாப்பா?"

அத்தான் அவள் தலையில் கையை வைத்தபடி நின்றார். கட்டிலுக்கு அடியில் அவர் கால் டப் டப் என்று தரையை மிதித்தது. அக்கா அந்தக் காலையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் என் எதிரிக்கும் விரும்பமாட்டேன்.

வெளியே தாழ்வாரத்தில், பெரிய கண்ணாடி ஜன்னல் ஓரமாக நின்று, அத்தான் போனை எடுத்தார். இரண்டு கட்டை விரலாலும் குழுவில் எழுதினார்: "என் வண்டி பிரேக்கில் கோளாறு. எட்டு மாதமாக எனக்குத் தெரியும். டீச்சர் சொன்னது உண்மை. யாரும் இறக்கத்தில் ஓட்டாதீர்கள்." அனுப்பினார். அடுத்த நிமிஷம் அது காணாமல் போனது. அவர் வைத்த ஆள், அவர் சொல்லிக்கொடுத்த வேலையைச் செய்துவிட்டார். மறுபடி எழுதினார். மறுபடி போனது. மூன்றாவது தடவை, "மகளுக்கு விபத்து. மலை ஆஸ்பத்திரி. ரத்தம் தேவை. பிரேக்கில் கோளாறு" என்று எழுதினார். இது நின்றது.

உடனே பதில்கள் வந்து விழுந்தன. தைரியமா இருங்க தலைவரே. எந்த குரூப் ரத்தம்? கிளம்பிட்டேன். நாங்களும் கிளம்பிட்டோம். என்னதான் கோபம் இருந்தாலும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவற்றுக்கு நடுவில் ஸ்டூடியோக்காரர் எழுதியிருந்தார்: "தலைவரே, மனசு கலங்கியிருக்கீங்க, புரியுது. அந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டாம். ஒண்ணு கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. யார் ஓட்டினது?"

அத்தான் அந்தக் கேள்வியை ரொம்பநேரம் பார்த்தார். பிறகு ஒரே சொல் எழுதி அனுப்பினார். "நான்."

அரைமணி நேரத்தில் குடை வண்டிகள் வர ஆரம்பித்தன. ஜன்னலுக்கு நேர் கீழே, தரைத்தளத்துக்கும் அடியில் இருக்கிற பார்க்கிங்குக்கு இறங்குகிற சரிவு. நாங்கள் மூன்றாவது மாடியிலிருந்து வண்டிகளின் முதுகைப் பார்த்தோம். முதல் வண்டி சரிவில் இறங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, உடனே மறுபடி எரிந்தது. இரண்டாவது வண்டியும் அப்படியே. மூன்றாவதும்.

"மச்சான்" என்றார் அத்தான். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "எல்லாரும் ரெண்டு தடவை மிதிக்கிறாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

நெற்றியைக் கண்ணாடியில் வைத்து அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது, பத்து, பதினொன்று. தப்பாமல் இரண்டிரண்டு தடவை. பன்னிரண்டாவதாக ஒரு வெள்ளை வண்டி, சரிவு தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் தயங்கி நின்றது. அது சரிவுக்குத் திரும்பும்போதே முன்கண்ணாடி வழியாகத் தெரிந்தது, ஓட்டி வந்தது ஒரு சின்னப் பெண். பக்கத்து இருக்கையில் ஸ்டூடியோக்காரர், மடியில் போனை வைத்துக்கொண்டு, குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கல்லூரி போகிற மகள் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வண்டி இறங்க ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அணையவில்லை. வண்டி மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது.

"எடுத்து மிதிம்மா! ரெண்டு தடவை! ரெண்டு தடவை மிதி!" அத்தான் இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தார். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கீழே யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது திறக்கிற ஜன்னல் இல்லை.